நெய்தல் ஓடைக்குக் குறிஞ்சி அளவுகோல்

பத்து காவான் ஒரு காலத்தில் தீவு. வடக்கே சுங்கை ஜெஜாவியும் தெற்கே சுங்கை தெங்காவும் அதைப் பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருந்தன. மேற்கே பினாங்கு நீரிணை. 19ஆம் நூற்றாண்டில் தியோசூ சீனர்கள் அங்கே கரும்பு நட்டார்கள். ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளும் வந்தார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலத்தில் கரும்பு வேர் பிடிக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். அதனால் கரை எழுப்பினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், கழிமுகத்தில் மதகு வைத்தார்கள். கரும்பு போய்த் தென்னையும் ரப்பரும் செம்பனையும் இந்த வட்டாரத்தில் மாறி மாறி வந்தபோதும் அந்த நீர்வழிகள் இருந்தன. தோட்டத்துத் தமிழர் அவற்றை அல்லூர் என்றார்கள்.

2014 மார்ச் 1ஆம் தேதி 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின் பத்து காவான் வேறு ஊராகிவிட்டது. தொழிற்பேட்டை, பண்டார் காசியா நகர், அகன்ற சாலைகள். அவற்றைச் சுற்றியுள்ள செபராங் பிறை தெற்கில் செம்பனையும் நெல்லும் கோழிப் பண்ணையும் பன்றிப் பண்ணையும் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடுவே, இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடைகள் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? கேள்வி எளியது. மலேசியாவில் அதற்குப் பதில் சொல்ல இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் மதிப்பெண் போடுவது. மற்றது சேற்றில் வலை வீசி எந்தப் பூச்சி வாழ்கிறது என்று எண்ணுவது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் இரண்டும் பத்து காவான் போன்ற தாழ்நிலத்து விவசாய ஓடையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் தரப்படும் சான்றிதழ் கெட்ட ஓடையை நல்லது என்று சொல்லிவிடும். சில சமயம் நல்ல ஓடையைக் கெட்டது என்றும் சொல்லிவிடும்.

முதலில் மதிப்பெண் முறை. மலேசியச் சுற்றுச்சூழல் துறை 1978 முதல் ஆற்றுநீரைக் கண்காணித்து வருகிறது. அது பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. கரைந்த ஆக்சிஜனுக்கு 22 விழுக்காடு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 19, வேதி ஆக்சிஜன் தேவைக்கு 16, மிதக்கும் திண்மங்களுக்கு 16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 15, அமில காரத் தன்மைக்கு 12. கூட்டினால் நூறு. 81க்கு மேல் வந்தால் சுத்தம். 60 முதல் 80 வரை சிறிதளவு மாசு. 59க்குக் கீழே மாசு.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சபா, சரவாக் உட்பட மலேசியாவில் 189 ஆற்றுப் படுகைகள் இருக்கின்றன. இத்தனை ஆறுகளையும் ஒரே தட்டில் நிறுத்தி, எந்த ஆற்றுக்கு முதலில் பணம் செலவிடுவது என்று முடிவெடுக்க ஒற்றை எண் வேண்டும். அமைச்சருக்கும் புரிய வேண்டும், நாளிதழ் வாசகருக்கும் புரிய வேண்டும். நாற்பதாண்டுத் தொடர்ச்சி இருப்பதால் ஒரு ஆறு தேறுகிறதா தேய்கிறதா என்று பார்க்க முடிகிறது. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் நகர ஆறுகளில் இந்த ஆறு அளவுகளும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கின்றன. அங்கே ஒன்று கெட்டால் மற்றவையும் சேர்ந்து கெடும்.

விவசாய நிலத்தில் நிலைமை வேறு. அங்கே ஒன்று மட்டும் தனியாகக் கெடலாம்.

செம்பனைத் தோட்டத்தில் அம்மோனியம் சல்பேட் உரம் போட்ட மறுநாள் மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடைநீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமைத் தொட்டுவிட்டது. குறியீட்டுக் கணக்கில் அதற்குரிய துணை மதிப்பெண் பூஜ்யம். மற்ற ஐந்தும் 90 வாங்கியிருந்தால் மொத்தம் என்ன? 85 விழுக்காட்டு எடையை 90ஆல் பெருக்கினால் 76.5. ‘சிறிதளவு மாசு’ என்ற வரிசையின் மேல்பகுதியில் அந்த ஓடை உட்கார்ந்துவிடும். ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் அட்டவணையில் இரண்டாம் வகுப்பு தொடங்குவதும் சரியாக 76.5இல்தான். ஆனால் தேசிய நீர்த்தர அட்டவணையில் அம்மோனியாவுக்கு மட்டும் உள்ள வரியைப் பார்த்தால், 2.7 மில்லிகிராமைத் தாண்டிய நீர் கடைசி வகுப்பான ஐந்தாம் வகுப்பு. ஒரே தண்ணீர், ஒரே நாள், ஒரே துறையின் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் கடைசி வகுப்பு, மற்றதில் இரண்டாம் வகுப்பின் வாசற்படி. சராசரி என்பது ஐந்து நல்ல பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து ஆறாவது பிள்ளையைத் தேர்ச்சி பெறச் செய்வது. மீனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறாவதே அதைக் கொன்றுவிடும்.

ஆக்சிஜன் விஷயம் இன்னும் நுட்பமானது. உரம் கலந்த ஓடையில் பாசி தழைக்கும். பகல் முழுவதும் பாசி ஆக்சிஜனை வெளிவிடும்; இரவு முழுவதும் எல்லா உயிரும் சேர்ந்து அதைத் தின்னும். பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தால் ஆக்சிஜன் நிரம்பி வழியும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதே இடத்தில் அளந்தால் மீன் வாய் பிளக்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். அலுவலக நேரத்தில் வண்டியில் வந்து புட்டியில் நீர் பிடிப்பவர் கண்ணில் படுவது நோயாளியின் நல்ல நேரம் மட்டுமே. குறியீட்டில் மிக அதிக எடை ஆக்சிஜனுக்குத்தான் என்பதால் இந்தப் பிழை சின்னப் பிழையாகாது. உரத்தால் கெட்ட ஓடை, அந்தக் கெடுதலாலேயே கூடுதல் மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

இரண்டாவது பெரிய எடை கொண்ட உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நீரை 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் மூடி வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உண்கின்றன என்று பார்ப்பது இதன் முறை. ஐந்து நாள் என்ற கணக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் கழிவுநீர் பற்றிய அரச ஆணையத்தின் வேலையிலிருந்து வந்தது. அந்நாட்டு ஆறுகள் எவையும் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பத்து காவான் ஓடைநீரின் வெப்பம் முப்பது டிகிரியை ஒட்டியது. மதகு திறந்திருந்தால் அது கடல் சேரச் சில மணி நேரம் போதும். இந்தியா இதே சோதனையை 27 டிகிரியில் மூன்று நாளாக மாற்றிக்கொண்டது. மலேசியாவே 1977இல் செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு விதி எழுதியபோது 30 டிகிரி, மூன்று நாள் என்று வைத்தது. ஆலைக் குழாயின் வாய்க்கு இந்நாட்டு வெப்பத்தைக் கணக்கில் எடுத்த நாடு, அந்தக் குழாய் போய்ச் சேரும் ஓடைக்குப் பழைய கணக்கையே வைத்திருக்கிறது. அளவுகோலை மண்ணுக்கேற்ப மாற்ற முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை.

குறியீட்டில் இல்லாதவற்றின் பட்டியல் இன்னும் நீளம். நைட்ரேட் இல்லை, பாஸ்பேட் இல்லை, கன உலோகம் இல்லை. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இல்லவே இல்லை. தோட்டப்புறத்து ஓடைக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை செய்தது. அத்தனை ஆண்டுகளும் அது ஓடைகளில் இறங்கியிருக்குமானால், களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பால் நீரை விட்டு அடிச்சேற்றில் படிந்திருக்கும். மேல்நீரைப் புட்டியில் பிடித்து ஆறு அளவு பார்க்கும் முறைக்கு அந்தச் சேறு தெரியாது.

கண்ணுக்குத் தப்பும் இன்னொன்று, திடீர் நிகழ்வு. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் என்ற சிற்றாற்றில் இரவோடு இரவாக ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சுங்கை சிலாங்கூரில் கலந்த கழிவின் துர்நாற்றத்தால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் குடிநீர் நின்றது. நாற்றம் அந்த ஆறு அளவுகளில் ஒன்றல்ல. ஆண்டில் சில முறை நீர் பிடிக்கும் திட்டத்தால் இப்படிப்பட்ட இரவுகளைப் பிடிக்க முடியாது. பெரிய ஆறுகள் சிலவற்றில் தானியங்கி நிலையங்கள் உண்டு. அல்லூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எதிர்ப்பக்கத்து அநியாயமும் நடக்கிறது. கரிச்சதுப்பு நிலத்து ஓடைகள் இயற்கையிலேயே தேநீர் நிறத்தில், கடும் அமிலத்தோடு ஓடுபவை. ஜொகூரின் ஆயர் ஈத்தாம் சதுப்பில் வாழும் ‘பெட்டா பெர்செபோன்’ என்ற குட்டிச் சண்டைமீன் போன்றவை அந்தக் கருநீரில்தான் உயிர் பிழைக்கின்றன. யாரும் தொடாத அந்த நீருக்குக் குறியீடு அமிலத்துக்காகவும் வேதி ஆக்சிஜன் தேவைக்காகவும் மதிப்பெண் குறைக்கும்.

ஆக, நீரைப் பார்த்து ஓடையை அறிவது அரைகுறை அறிவு. அதனால்தான் உயிரியலாளர்கள் வேறு வழி கண்டார்கள்.

ஓடையின் அடியில் வாழும் சிறு உயிர்கள் அங்கேயே பல வாரம், பல மாதம் தங்கியிருப்பவை. நேற்று இரவு விஷம் வந்து இன்று காலை கடலுக்குப் போய்விட்டாலும், செத்தவை செத்தவைதான். எது மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் 1900களின் தொடக்கத்திலேயே இந்த எண்ணத்தை ஒரு முறையாக வகுத்தார்கள். பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில் அமைந்த ஒரு பணிக்குழு, பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. மாசைத் துளியும் தாங்காத கல் ஈ, மே ஈ வகைகள் பலவற்றுக்குப் பத்து. சிவப்பு இரத்தப்புழுவாக மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் கைரோனோமிட் குடும்பத்துக்கு இரண்டு. சேற்றுப்புழுக்களுக்கு ஒன்று. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டினால் ஓடையின் தரம்.

இந்த முறை பினாங்கில் உண்மையாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் பத்து காவானுக்குப் பக்கத்திலேயே. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சே சல்மா, சல்மான் அல்-ஷாமி முதலிய ஆய்வாளர்கள் ஜூரு ஆற்றுப் படுகையில் செய்த ஆய்வுகள் 2010, 2011 ஆண்டுகளில் வெளிவந்தன. ஜூரு புகழ்பெற்ற நோயாளி. 1970களில் பிறை தொழிற்பேட்டை வந்தபின் குவாலா ஜூரு மீனவர்களின் பாடு சரிந்தது; அவர்கள் மட்டி வளர்ப்புக்கு மாறினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 1977இல் தொடங்கிய சஹாபாட் ஆலாம் மலேசியாவும் அவர்கள் பக்கம் நின்றன. அந்த ஆற்றுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளை ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் காட்டிலிருந்து வரும் செரோக் தோக் குன் ஓடை சுத்தத்துக்கு ஒப்பீடு. நெல்வயல் நீர் வடியும் பெர்மாத்தாங் ராவா, குடியிருப்புகளை ஒட்டிய பாசிர், ஆலைக் கழிவு சேரும் கீலாங் ஊபி ஆகியவை சோதனைக்கு உள்ளானவை.

மலையடி ஓடையில் பலவகைப் பூச்சிகள் இருந்தன. கீழே வரவர வகைகள் குறைந்து இரத்தப்புழுவும் சேற்றுப்புழுவும் மட்டுமே பெருகின. அதையும் தாண்டி, இரத்தப்புழுவின் வாயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பற்கள் கோணியும் பிளந்தும் குறைந்தும் இருந்தன. வயல்நீரோடு ஆலைக்கழிவும் சேரும் கீலாங் ஊபியில் இந்த ஊனம் மிக அதிகம். நெல்வயல் நீர் மட்டுமே வடியும் பெர்மாத்தாங் ராவாவிலும் அது கணிசமாக இருந்தது. எந்தப் புட்டி நீரும் சொல்லாத செய்தி இது. செத்துப் போகாமல் ஊனத்தோடு வாழும் புழு, கொல்லாத அளவு நஞ்சு தொடர்ந்து வந்துகொண்டிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. விவசாய ஓடைக்கு வேண்டியது இப்படிப்பட்ட சாட்சிதான்.

செலவும் குறைவு. ஒரு கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்குக் கண்ணாடி போதும். 1997இல் தொடங்கிய வாட்டர் வாட்ச் பினாங்கு போன்ற தன்னார்வ அமைப்புகளும், தலைநகர்ப் பகுதியில் உலகச் சுற்றுச்சூழல் மையமும் பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போக முடிந்திருக்கிறது என்றால் இந்த எளிமை ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களுக்கென்றே சுருக்கப்பட்ட ‘மினிசாஸ்’ முறையில் உயிர்க் குழுக்களைப் படத்தோடு ஒப்பிட்டாலே மதிப்பெண் கிடைத்துவிடும்.

குறை எங்கே இருக்கிறது? ஒப்பீட்டில்.

செரோக் தோக் குன் மலையடி ஓடை: கல், சரிவு, நிழல், சலசலப்பு, குளிர்ந்த நீர். தமிழ் மரபில் சொன்னால் குறிஞ்சி. பத்து காவான் அல்லூர் நெய்தல்: களிமண், சரிவே இல்லாத தரை, வெயில், கடல்மட்டத்தோடு மல்லுக்கட்டும் மதகு. குறிஞ்சி ஓடையில் கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு வாழும் கல் ஈயை நெய்தல் ஓடையில் தேடினால் கிடைக்காது. மாசு இல்லாவிட்டாலும் கிடைக்காது. ஒட்டிக்கொள்ளக் கல்லே இல்லை. அப்படியிருக்க, அது இல்லாததற்காகப் பத்து மதிப்பெண்ணை இழக்கச் செய்வது என்ன நீதி? பிரிட்டனின் பூச்சிகளுக்குப் போட்ட மதிப்பெண்ணை வெப்பமண்டலத்தில் அப்படியே வைப்பது ஒரு பிழை. தாய்லாந்து அதை உணர்ந்து தன் பூச்சிக் குடும்பங்களுக்கேற்ப அந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டது. மலையோடையை வைத்துத் தாழ்நிலத்தை அளப்பது அதற்கு மேல் ஏறும் இரண்டாவது பிழை. முதலாவது நாட்டுக்கு நாடு மாற்றினால் தீரும். இரண்டாவதைத் திணைக்குத் திணை மாற்றினால்தான் தீர்க்கலாம்.

உப்பு இன்னொரு சிக்கல். கடல் ஏறும் நேரத்தில் மதகு கசிந்தால் ஓடையின் கீழ்ப்பகுதி உவர்ப்பாகிவிடும். நன்னீர்ப் பூச்சிகள் அங்கே தங்கா. இறாலும் நண்டும் வரும். நன்னீர் அட்டவணையோடு போய் நிற்பவர் ‘உயிரே இல்லை, கடும் மாசு’ என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். பருவமும் அப்படித்தான். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அடைமழை. வெள்ளம் அடிச்சேற்றையே புரட்டிப்போட்ட மறுவாரம் எண்ணிய பூச்சிகளையும், வறண்ட பிப்ரவரியில் எண்ணியவற்றையும் பக்கத்தில் வைத்து ஓடை தேய்ந்தது, தேறியது என்று பேச முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சி நோயைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மே ஈ காணாமல் போனதற்கு மருந்தா, சூடா, சேறா, பன்றிப் பண்ணைக் கழிவா என்று பிரித்தறிய மறுபடி ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றத்தில் ஒரு பண்ணையின் மீதோ ஆலையின் மீதோ வழக்கு நிற்க வேண்டுமானால் புழுவின் கோணல் பல் மட்டும் போதாது.

மூன்றாவதாக ஓர் அறிவு இருக்கிறது. அதற்கு அட்டவணை இல்லாததால் எந்த அறிக்கையிலும் அது ஏறுவதில்லை. தோட்டத்தில் உரம் போட்டவர்கள், மருந்து அடித்தவர்கள், அல்லூரில் தோம்பு கழுவியவர்கள், அதே அல்லூரில் பிள்ளைப் பருவத்தில் தூண்டில் போட்டவர்கள். மருந்தடிக்கும் வேலையில் பெரும்பங்கு தமிழ்ப் பெண்களின் தோளில்தான் இருந்தது. தெனாகனித்தா அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அவர்களின் உடல்நலக் கேடுகளைப் பதிவு செய்தது. ‘நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். எந்த மாதம் எந்த மருந்து, எத்தனை சுற்று, மிச்சத்தை எங்கே ஊற்றினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டால் ஆய்வுக்கூடம் எந்த நஞ்சைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு மாதிரியில் நூற்றுக்கணக்கான ரசாயனங்களைத் தேடுவது பெரும் செலவு. தேட வேண்டிய நாலைந்தைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த அறிவையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. ‘அப்போதெல்லாம் அல்லூரில் கண்ணாடித் தண்ணீர்’ என்று சொல்லும் நினைவு இளமையின் மீதுள்ள பாசத்தோடு கலந்தது. ‘மீன் துள்ளுகிறது, தண்ணீருக்கு என்ன குறை’ என்ற பேச்சும் ஏமாற்றும். புயு என்று மலாயில் சொல்லும் பனையேறிக் கெண்டையும் விராலும் கெளுத்தியும் காற்றை நேராகச் சுவாசிக்கக்கூடியவை. ஆக்சிஜன் அற்ற குட்டையிலும் அவை பிழைக்கும். கரைப்புல்லில் ரோஜா நிற முட்டைக் குலைகளை ஒட்டிவைக்கும் தங்க ஆப்பிள் நத்தையும் அப்படித்தான். 1991இல் மலேசியாவுக்குள் வந்து நெல்நாற்றை அழித்த அந்நிய உயிர் அது. ஓடையில் உயிர் இருக்கிறது என்பதும் ஓடை உயிரோடு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைப்பது தெரிகிறது. எண் ஒப்பிட உதவும், நினைவில்லாதது. பூச்சிக்கு நினைவு உண்டு, காரணம் சொல்லத் தெரியாது. மனிதருக்குக் காரணம் தெரியும், அளவு தெரியாது. எனவே எந்த முறை சிறந்தது என்ற வாதத்தால் பயனில்லை. எதோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

உலகில் இதற்கு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் நன்னீர் உயிரியலாளர்கள் 1977 முதல் உருவாக்கிய ஒரு முறை, ஓர் இடத்தின் சரிவு, அகலம், அடிமண், தோற்றுவாயிலிருந்து தூரம் முதலியவற்றை வைத்து, அங்கே மாசு இல்லாவிட்டால் எந்தப் பூச்சிகள் இருந்திருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறது. பிறகு கண்டதை எதிர்பார்த்ததால் வகுக்கிறார்கள். தாழ்நிலத்து ஓடை தாழ்நிலத்து ஓடையோடு மட்டுமே போட்டியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு நீர்ச் சட்டகத்தில் ஆறுகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனி ஒப்பீட்டு நிலை வகுக்கச் சொன்னது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விரைவு மதிப்பீட்டுக் கையேட்டில், கரையையும் அடித்தளத்தையும் நிழலையும் பார்த்து மதிப்பெண் போடும் படிவமே இரண்டு உண்டு: சரிவு மிகுந்த ஓடைக்கு ஒன்று, சரிவு குறைந்த ஓடைக்கு ஒன்று. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் தனித்தனிப் படிவம் வைத்தவர்கள் அவர்கள். திணை வகுத்த மொழிக்காரர்களுக்கு அந்த யோசனை அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

பத்து காவானுக்குப் பொருந்தும் மதிப்பீடு எப்படி இருக்கும்? நீர் பிடிக்கும் நேரம் விடியற்காலை; அதே இடத்தில் பிற்பகலில் இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே உரத்தின் அளவைக் காட்டிக்கொடுக்கும். மதகுக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். ஒவ்வொரு முறையும் உப்பின் அளவும் கடல் ஏற்ற இறக்க நேரமும் குறிக்கப்பட வேண்டும். உரம் போட்டபின் பெய்யும் முதல் மழைக்கு ஒரு சிறப்பு மாதிரி. ஆண்டுக்கு ஒரு முறையாவது அடிச்சேற்றில் களைக்கொல்லி, கன உலோகச் சோதனை. பூச்சி எண்ணும்போது கல் ஈயைத் தேடாமல், தாழ்நிலத்துக்கே உரிய தும்பி, ஊசித்தும்பி, நீர்வண்டு, இறால் வகைகளை வைத்து ஒரு பட்டியல். இரத்தப்புழுவின் வாய்ப்பகுதிச் சோதனைக்கு மட்டும் பல்கலைக்கழகத்தின் உதவி. ஆறு அளவுகளையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணோடு, அவற்றில் மிகக் குறைந்தது எது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும். அம்மோனியா பூஜ்யம் வாங்கியிருந்தால் அந்தப் பூஜ்யம் ஊருக்குத் தெரியட்டும்.

இதில் பலவற்றைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் அல்லூர் வெட்டியவர்களும் மருந்தடித்தவர்களும் உண்டு. வலை பிடிக்கப் பிள்ளைகளும், எதைத் தேடுவது என்று சொல்லப் பெரியவர்களும் ஒரே வீட்டில் கிடைக்கும் இடங்கள் அதிகமில்லை. சுற்றுச்சூழல் துறையும் வடிகால் துறையும் செபராங் பிறை மாநகர் மன்றமும் அவர்கள் திரட்டும் தகவலைத் தங்கள் பதிவில் ஏற்றுக்கொள்ள ஒரு வழி வகுத்தால், கண்காணிப்பு வரைபடத்தில் இடமில்லாத சிற்றோடைகளுக்கு முதல் முறையாக ஓர் ஏடு திறக்கும்.

அவசரம் ஒன்று உண்டு. நெய்தல் ஓடைக்கு நெய்தலிலேயே ஒப்பீடு வேண்டுமென்றால், ஓரளவாவது கெடாத ஒரு தாழ்நில ஓடை மிச்சமிருக்க வேண்டும். கரையில் அலையாத்தி நிற்கும், மண்கரை இன்னும் மண்கரையாகவே இருக்கும் ஓடை. செபராங் பிறை தெற்கின் கடலோரத்தில் அப்படிப்பட்ட துண்டுகளைத் தேடி, அளந்து, படமெடுத்து, பூச்சிகளை எண்ணி வைக்க வேண்டிய காலம் இது. தொழிற்பேட்டை விரிய விரிய ஓடைகள் நேராக்கப்பட்டு, கான்கிரீட் பெட்டிகளுக்குள் சாலைக்கு அடியில் போய்விடுகின்றன. பெட்டிக்குள் போனபின் அதில் என்ன வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணிக்க ஒப்பீட்டு ஓடை இருக்காது. அப்போது புக்கிட் மெர்தாஜாம் மலையடியின் குறிஞ்சி அளவுகோல் மட்டுமே கையில் மிஞ்சும்.